லாரியிலிருந்து எட்டாவது கடை

போன மாதம் அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கலாம் என்று கைப்பேசியில் ஆர்டர் போட்டேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். ஊர் கேட்டது, ஜமுனாமரத்தூர் என்று எழுதினேன். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கடைசியாக ஒரு கட்டம் வந்து, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டது. அங்கே மாட்டிக்கொண்டேன்.

பிறந்ததிலிருந்து ஒரே ஊரில் இருக்கிறேன். தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மலையில் பாதிப் பேருடைய ஆதார் அட்டையும் சாதிச் சான்றிதழும் என் கண்ணாடிக்கு அடியில் படுத்து எழுந்தவைதான். ஊரில் யார் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுகூட இப்போது ஊரில் இல்லை என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பஞ்சாயத்து ரேடியோத் தூண் என்று எழுதலாம். தூணை எடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள், பிறகு தொட்டியையும் எடுத்துவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் கண்ணாடி மாட்டியிருந்த புளியமரம் என்று எழுதலாம். ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போனது, அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சந்தவாசலுக்குப் பிழைக்கப் போனார். வாடகைக்கு டெக் எடுத்துவந்து படம் காட்டிய தகரக் கொட்டகையில் யாரோ கார் நிறுத்துகிறார்கள்.

இதற்காக நான் கண்ணைக் கசக்கப்போவதில்லை. அந்த ரேடியோ வாரத்தில் நான்கு நாள் பாடாது. அந்தக் கொட்டகையில் படத்தைவிட மூட்டைப்பூச்சி அதிகம். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு சொல். யோசித்துக்கொண்டே இருந்தேன், விரல் தானாக ‘லாரி அருகில்’ என்று அடித்துவிட்டது.

அந்த லாரி போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

அது வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாயுடைய லாரி. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். கடுக்காய் எங்கள் மலையில் விளைகிறது. ஆகவே வருடாவருடம் பாய் லாரி அனுப்புவார். அப்படி ஒரு வருடம் வந்த லாரி, மூட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு, சந்தைத் திடலின் ஓரத்தில் இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. கீழேயிருந்து பஸ்ஸில் மெக்கானிக் வந்தார். திறந்து பார்த்தார். இன்ஜினிலிருந்து முக்கியமான எதையோ கழற்றிச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, ரெண்டு நாளில் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடுக்காய் வேறு லாரியில் இறங்கியது. இந்த லாரி மட்டும் இறங்கவில்லை.

பாய் நம்பிக்கை உள்ள மனிதர். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், அந்த மெக்கானிக்கையே அனுப்புவார். அவர் கைப்பம்பு வைத்து ஆறு டயருக்கும் காற்றடித்து, சக்கரத்துக்கெல்லாம் கிரீஸ் அப்பி, வண்டியை ஒரு தட்டுத் தட்டி, “இந்த வருஷம் கெளம்பிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். இப்படி அது எங்கள் ஊரில் எட்டொன்பது வருடம் கிளம்பியபடியே நின்றது.

நிற்கிற பொருளை ஊர் சும்மா விடுமா? பக்கவாட்டுக் கண்ணாடியில் இளவட்டங்கள் தலை சீவினார்கள். வண்டிக்கு அடியில், மழையும் வெயிலும் படாத தரையில், காலை முதல் தாயக்கட்டை உருண்டது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கல்யாணம் பேச வந்தவர்களை லாரிகிட்ட நில்லுங்க, வந்து அழைச்சிட்டுப் போறோம் என்றார்கள். கடிதங்கள்கூட ‘லாரிக்கு எதிர்ச் சந்து’ என்று விலாசம் எழுதி வந்தன, அவை எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. லாரிக்கு எதிர்ச் சந்துதான் எங்கள் வீடு.

லாரிக்குக் காவல் என் மாமா. அம்மாவின் தம்பி. பாயின் ஆள் அவருக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்து, வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மாமா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேபினுக்குள்ளேயே தூங்கினார், சாப்பிட்டார், பீடி குடித்தார். ஏர் மாட்டைத் தவிர எதையும் ஓட்டியறியாத அவரை ஊரே டிரைவர் என்று கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

இனி சந்தைக்கு வருவோம். சந்தைக்கு அளவுகோலே லாரிதான். குத்தகைக்காரர் சந்தை நாள் காலையில் வந்து லாரியின் பின்பலகையில் முதுகை ஒட்டி நிற்பார். அங்கிருந்து தப்படி எண்ணி நடப்பார். நான்கு தப்படிக்கு ஒரு கடை. கையிலிருக்கும் குச்சியால் தரையில் ஒரு கோடு. இன்னும் நான்கு தப்படி, இன்னொரு கோடு. அவரிடம் அளவு நாடா கிடையாது, தேவையும் இருக்கவில்லை. லாரியிலிருந்து முதல் கடை வெல்லம், இரண்டாவது பாத்திரம், இப்படிப் போகும். எட்டாவது என் அம்மா.

எட்டாவது கடையின் விசேஷம் அங்கே ஒரு புங்கமரம் இருந்ததுதான். சின்ன மரம். அதன் நிழல் சரியாக ஒரு கடைக்குத்தான் போதும். அம்மா விற்றது சீதாப்பழம். சீதாப்பழத்தை வெயிலில் வைத்தால் மத்தியானத்துக்குள் வாயைப் பிளந்துவிடும், பிறகு ஈக்குத்தான் விற்கலாம். ஆகவே எங்கள் வீட்டில் அந்த நிழல் ஓர் ஏக்கர் நிலம் மாதிரி. அம்மாவும் எதையும் லேசில் விடுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி மிளகாய்ப் பாத்தியை ஒரு சாண் தள்ளிப் போட்டாள் என்று இரண்டு வருடம் அவளோடு பேசாமல் இருந்தவள்.

ஒன்பதாவது கடை கருவாடு. சந்தவாசலிலிருந்து முதல் பஸ்ஸில் இரண்டு கூடையோடு ஏறிவரும் ஓர் அம்மாளுடையது. நான் கடலைப் பார்ப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே முகர்ந்துவிட்டேன், அது அந்தக் கூடைகளின் புண்ணியம். அவளுக்கு நிழல் கிடையாது. அம்மாவின் நிழலைப் பார்த்தபடி ஐந்து வருடம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விடுமுறை. மெக்கானிக் வந்து காற்றடித்து, கிரீஸ் வைத்துவிட்டுப் போன மறுநாள். மாமாவுக்குத் தேன் எடுக்கப் போயிருந்த கூட்டாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, நான் போய்ட்டு வர்றேன். லாரி எங்கயும் போவாம பாத்துக்க.”

ஓடாத லாரியை ஓடாமல் பார்த்துக்கொள்வதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. அந்த வேலையில் தோற்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

எனக்கு அந்த லாரி கண்ணமங்கலம் போகும் பஸ். தினமும் ஓட்டுவேன். எங்கள் மலைப் பாதையில் வரும் பஸ் எங்கே நின்றாலும் கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பார். கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டு, ஓடி வந்து தொற்றிக்கொள்வார். கல்லை எடுக்காமல் பஸ்ஸைக் கிளப்புவது எனக்கு முறையாகப் படாது. நான் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் கிளீனராகவும் இருந்ததால், தினமும் லாரிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த இரண்டு கல்லையும் உருட்டித் தள்ளிவிட்டு, கண்ணமங்கலம் போய்த் திரும்பிய பிறகு ஒழுங்காகப் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். காற்றில்லாத டயர் மண்ணில் புதைந்துகிடந்தவரையில் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அன்று காற்று இருந்தது. கிரீஸும் இருந்தது. கல்லை எடுத்தேன், ஏறினேன், விசில் அடித்தேன், கியர்த் தடியைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன். அதற்கு முன்னால் அது எனக்கு அசைந்ததே இல்லை. அன்று ‘டக்’ என்று வந்தது.

லாரி ஒரு பெருமூச்சு விட்டது. எதிரே இருந்த வேலிக்கம்பம் மெதுவாக என்னை நோக்கி நடந்து வர ஆரம்பித்தது. கம்பம் ஏன் நடக்கிறது என்று நான் ஒரு நொடி வியந்துகொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் ஒரு வீரன் பிரேக்கை மிதித்திருப்பான். நான் விசில் அடித்தேன். விசில் அடித்தால் பஸ் நிற்கும், அதனால் இருக்கலாம். முன்சக்கரம் ஒரு மண்மேட்டில் முட்டி, லாரி தானாக நின்றது. நான் கதவைத் திறந்து குதித்ததில், சக்கரத்தின் குடத்தில் உட்கார்ந்து வழுக்கி, முந்தைய நாள் கிரீஸ் முழுவதையும் கால்சட்டையின் பின்பக்கத்தில் வாங்கிக்கொண்டு தரைக்கு வந்தேன்.

சுற்றிலும் பார்த்தேன். திடலில் ஓர் ஆடு மட்டும் நின்றது. அது எதையும் வெளியில் சொல்லாத ஆடு.

லாரி நின்ற இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது, நடுவில் கறுப்பாக எண்ணெய்க் கறை. அளந்து பார்த்தேன். என் தப்படிக்கு ஏழு. பெரியவர்கள் தப்படிக்கு நான்கு இருக்கும். சருகு அள்ளிவந்து போட்டேன், சாணி கொண்டுவந்து போட்டேன், ஒடிந்த கிளை ஒன்றைக் குறுக்கே போட்டேன். கொலை நடந்த இடத்தைக்கூட அவ்வளவு கவனமாக யாரும் மறைத்திருக்க மாட்டார்கள். இரண்டு கற்களையும் புதிய இடத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். வீட்டுக்கு ஓடிக் கால்சட்டையைக் கழற்றி விறகுக் கட்டுக்குள் செருகிவிட்டு வேறு போட்டுக்கொண்டேன். அப்போது விக்கல் ஆரம்பித்தது.

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். மற்றப் பிள்ளைகளுக்கு அழுகை வரும், கை நடுங்கும். அதையெல்லாம் மறைக்கலாம். என் பயம் பக்கத்துத் தெருவரை கேட்கும்.

சாயங்காலம் மாமா வந்தார். காவல்காரர் நேராக லாரிக்குப் போனார், ஏறினார், படுத்தார். மறுநாள் காலையில் முகம் சுளித்துக்கொண்டு வந்தார். “இன்னாடா இது, எழுந்தா வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. சூரியன் எதுனா எடம் மாறிப்போச்சா?” என்றார். நான் விக்கினேன்.

ஊரில் ஒருவருக்கும் லாரி நகர்ந்தது தெரியவில்லை என்றால் இப்போது நம்ப மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் லாரியை வைத்து அளந்தவர்கள் லாரியை எதை வைத்து அளப்பார்கள்? மற்றதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனதாகத்தான் அவர்களுக்குப் பட்டது.

இரண்டு நாள் கழித்துச் சந்தை. அம்மா வழக்கம்போல விடிந்ததும் போய்ப் புங்கமரத்தடியில் கூடையை இறக்கிவிட்டாள். குத்தகைக்காரர் பின்பலகையில் முதுகை ஒட்டி நின்று, தப்படி எண்ணிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இந்தாம்மா, எழுந்திரு. இது ஒம்போதாவது கடை. கருவாட்டம்மா எடம்.”

“இன்னாங்க சொல்றீங்க? அஞ்சு வருஷமா நான் இந்த மரத்தடியிலதான ஒக்கார்றேன்?”

“நான் மரத்தையா குத்தகை எடுத்துக்கீறேன்? லாரிலருந்து எண்ணு. எட்டு அதோ, அங்க கீது.”

அவர் காட்டிய எட்டு நல்ல வெயிலில் இருந்தது.

“எட்டு அங்க கீதுன்னா, போன வாரம் நான் ஒக்காந்தது இன்னா?”

“போன வாரம் நான் கோடு போட்டப்பறம் யாரு அத அழிச்சாங்களோ, யாரு நவுந்து ஒக்காந்தாங்களோ, யாரு கண்டா?”

இதற்குள் கருவாட்டம்மாள் கூடையோடு வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மரத்தைப் பார்த்தாள். “யக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. கணக்கு இன்னா சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்பட்டவ” என்றாள். நிழல் கிடைக்கிற நாளில் எல்லோருக்கும் கணக்கின் மேல் மரியாதை வந்துவிடுகிறது.

“கருவாட்டுக்கு எதுக்குடி நெழலு? வெயில்ல காய வெச்சித்தான எடுத்தாந்த?” என்றாள் அம்மா.

“கருவாட்டுக்கு வாணாம் யக்கா. எனக்கு வேணும். நானும் இன்னா கருவாடா?”

சந்தையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அம்மா சொன்னதும் உண்மை, குத்தகைக்காரர் சொன்னதும் உண்மை. அது தெரிந்த ஒரே ஆள் பாத்திரக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தான்.

பேச்சு முற்றியது. எடத்தை மாத்துனவ நீதான் என்று குத்தகைக்காரர் சொல்ல, மாத்துனா என் கண்ணு அவிஞ்சி போவட்டும் என்று அம்மா சொல்ல, அவர் அதைப் பிடித்துக்கொண்டார். “அப்பிடி வா. அடுத்த சந்தைக்குக் காளியாத்தா பேரச் சொல்லி ரெண்டு பேரும் சூடம் அணைங்க. எது யாரு எடம்னு அவளே சொல்லட்டும்” என்றார். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கம் பேச்சு முடிந்தது. பொய்யாக அணைத்தவர் கதியும் முடிந்தது. அம்மா சரி என்றாள். அன்று வெயிலில் உட்கார்ந்து பாதிக் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வாய் பிளந்த சீதாப்பழத்தை நாங்கள் மூன்று நாள் தின்றோம்.

அந்த ஒரு வாரத்தில் நான் பட்ட பாட்டைப் பிறகு என் கல்யாணத்தில்கூடப் படவில்லை. சிக்கல் இதுதான். அம்மா, மரத்தடிதான் எட்டாவது கடை என்று சூடம் அணைப்பாள். மரத்திலிருந்து பார்த்தால் அது உண்மை. லாரியிலிருந்து எண்ணினால் பொய். காளி எதிலிருந்து எண்ணுவாள்? குத்தகைக்காரரைப் போல அவளும் லாரியிலிருந்து எண்ணிவிட்டால் அம்மாவின் கதி என்ன? மாமாவிடம் கேட்டேன், பொதுவாகக் கேட்பதுபோல. பொதுவாகக் கேட்கிற பிள்ளையைப் பயமுறுத்துவதில் மாமாவுக்கு ஓர் இன்பம்.

“பொய்ச் சத்தியமா? எனக்குத் தெரிஞ்சி ஒருத்தன் பண்ணான் மாப்ள. தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுபோச்சி. மூட வரல. ஈ உள்ள போவும், கொஞ்ச நேரம் இருந்துட்டு வரும்.”

மறுநாள் காலையில் போய் லாரியை முன்பக்கத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். தோளால் தள்ளினேன், முதுகால் தள்ளினேன். மூன்று நாள் தள்ளினேன். உள்ளே மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதே ஆடு வந்து நின்று பார்த்தது. நான்காம் நாள், ஓடிப்போவதென்று முடிவு செய்தேன். கண்ணமங்கலத்தில் இறங்கி ஏதாவது டீக்கடையில் கிளாஸ் கழுவிப் பிழைத்துக்கொள்ளலாம். பஸ் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தும்விட்டேன். கிளீனர் குனிந்து சக்கரத்துக்கு அடியிலிருந்து கல்லை எடுத்தார். கல்லைப் பார்த்ததும் எனக்கு வந்த விக்கலில் முன்சீட்டுக்காரர் திரும்பி, பையனுக்கு உடம்பு சரியில்லை, இறக்கிவிடுங்க என்றார். இறக்கிவிட்டார்கள். என் தலைமறைவு வாழ்க்கை பஸ் கிளம்புவதற்கு முன்பே முடிந்தது.

அன்று மத்தியானம் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, நீ சூடம் அணைக்காத.”

“ஏன்டா?”

“சும்மாத்தான்.” விக்கல்.

முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “யாருடா ஒன்ன இப்பிடி நெனைக்கறாங்க, ஒரு வாரமா?” என்றாள்.

“தெரியலமா.”

வழக்கமாக மாமாவுக்குச் சோறு கொண்டுபோவது நான். அன்று அம்மாவே கொண்டுபோனாள். திரும்பிவர நேரமானது. வந்ததும் விறகுக் கட்டைப் பிரித்து அடுப்பைப் பற்ற வைத்தாள். சாயங்காலம் கொடியில் என் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கறையே இல்லை. சீமெண்ணெய் வாசனை மட்டும் அடித்தது. கிரீஸ் கறை பட்ட துணியை விறகுக் கட்டுக்குள் ஒரு வாரம் வைத்தால் கறை தானாகப் போய்விடும் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பல பையன்களுக்கு இந்த யோசனையை இலவசமாகச் சொல்லி அடி வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

சந்தை நாள் வந்தது. புங்கமரத்தடியில் ஒரு செங்கல், அதன் மேல் வெற்றிலை, வெற்றிலை மேல் சூடம். கருவாட்டம்மாள் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு வந்து நின்றாள். கருவாட்டு வாசனை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள், கீழே இறக்கவில்லை. நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன். குத்தகைக்காரர் தீக்குச்சி கிழித்ததும் நடுவில் போய் நின்று, லாரியை நவுத்தினது நான்தான் என்று சொல்லிவிடுவது. அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். மாமாவின் காக்கிச் சட்டையைப் பிடுங்குகிறவர்கள் பிடுங்கட்டும். வாக்கியத்தை ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன்.

தீக்குச்சி கிழித்தார். சூடம் பற்றியது. நான் இரண்டு அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தேன். வாக்கியம் வரவில்லை. விக்கல் வந்தது. சந்தைக்கு வந்திருந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்த விக்கல்.

“யாருடா அவன், சத்தியம் பண்ற எடத்துல?” என்றார் குத்தகைக்காரர்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தாள். பிறகு, “வாணாங்க” என்றாள்.

“இன்னா வாணாம்?”

“ஒரு கடைக்காக எதுக்குங்க சாமிய இழுத்தாந்து சந்தையில நிக்க வெக்கறீங்க? லாரிலருந்து எண்ணினா எட்டு அங்கதான் வருது. நான்தான் எடந்தெரியாம ஒக்காந்துட்டேன்.”

சொல்லிவிட்டு நடந்துபோய், கோட்டைப் பார்த்து, வெயிலில் கூடையை இறக்கி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஒரு சாண் மிளகாய்ப் பாத்தியை விடாதவள். சண்டை பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். கருவாட்டம்மாள், எதிராளி இல்லாத ஈரப் புடவையோடு, மரத்தடியில் உட்காரலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு உட்கார்ந்தாள். மாமா குனிந்து சூடத்தில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, “வீணாப் போவக் கூடாது மாப்ள” என்றார்.

எனக்கு விக்கல் நின்றது. அம்மா காளிக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். உயிர் பிழைத்த சந்தோஷத்தோடு லேசாக ஓர் இளக்காரமும் வந்தது. பையன்களிடம் போய், “சூடத்தப் பாத்ததும் எங்கம்மா பயந்துடுச்சி” என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா சீதாப்பழம் விற்கவில்லை. புளிக்கு மாறினாள். புளிக்கு வெயில் ஒன்றும் செய்யாது. புளியில்தான் நல்ல வியாபாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருடம் வாராவாரம் அந்த இடத்தில் உட்கார்ந்தாள், முகம் கறுத்துப் போனது. கருவாட்டம்மாள் பஸ் ஏறும் முன்னால் சில நாள் ஒரு கை நெத்திலியை அம்மாவின் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். அம்மா வாங்கிக்கொள்வாள். எங்கள் வீட்டில் அது மீன் குழம்பு. எனக்கு இதில் லாபம்தான் தெரிந்தது.

ஒருநாள் வேறொரு பெரிய லாரி வந்து, இரும்புக் கயிறு மாட்டி, பாயின் லாரியைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. மாமா காக்கிச் சட்டையோடு ஏறி உட்கார்ந்து, மலை முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார். வாழ்க்கையில் அவர் ஓட்டிய ஒரே வண்டி அது. அடுத்த சந்தையில் குத்தகைக்காரர் லாரி இருந்த இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம். ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. பிறகு மரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாராம். நான் அப்போது கீழே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் இடம் எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது மரமும் இல்லை. திடலில் பாதி பஸ் நிலையம், பாதி கட்டடம்.

முழங்கால் பட்டை ஒரு வாரத்தில் ஊர்வரை வந்துவிட்டது. மத்தியானம் நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூரியர் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எச்சில் கையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், லாரி அருகில்னு போட்டுக்கீறீங்க. எந்த லாரி சார்? இங்க சுத்திச் சுத்திப் பாத்துட்டோம், ஒரு லாரியும் இல்லயே.”

நான் விளக்க ஆரம்பித்தேன். அது பழைய லாரிம்மா, இப்ப இல்ல, திடல் ஓரமா இருந்துச்சி, அந்தத் திடலும் இப்ப இல்ல. நான் விளக்க விளக்க அந்தப் பெண்ணுக்கு என் மேல் சந்தேகம் வலுத்தது. அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டாள்.

“இங்க பாரும்மா. ஒங்க ஆபீஸ்ல வயசானவங்க யாராச்சும் கீறாங்களா? இருந்தா அவங்களக் கேளு. லாரி நின்ன எடத்துக்கு எதுக்கால இருக்கிற சந்துன்னு சொல்லு. மொதல்ல நின்ன எடம். இவன் நவுத்திட்டப்பறம் நின்ன எடம் இல்ல. அதப் பாத்து எறங்கினா நாலு தப்படி தள்ளிப் போயிடுவாங்க.”

வாயில் சோறு இருந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்த விக்கல் வந்தது.

அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். யார் நினைக்கிறார்கள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.